எண்ணெய் இல்லை

நீங்கள் தினமும் இறங்குகிற நிறுத்தத்துக்குப் பேர் வைத்தது யார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

எங்கள் பங்கானி ரோட்டில் கேட்டால் யாரும் சொல்வார்கள். டாங்கா மீன் சந்தையை விட்டுத் தெற்கே கிளம்பினால் முதலில் மாமரம். மரத்தை வெட்டிப் பத்து வருஷம் ஆகிறது, பேர் நிற்கிறது. அடுத்தது ரெட்டைக் கிணறு. அப்புறம் அழுத மாப்பிள்ளை. கல்யாணத்தன்று பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தன் அங்கே ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். இப்போது அவனுக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். 'அழுத மாப்பிள்ளையில இறக்கிவிடு' என்று அவர்களே சொல்லித்தான் இறங்குகிறார்கள். பிறகு உடைந்த பாலம். அதைத் தாண்டி ஒன்றரை மைலுக்குக் கற்றாழைத் தோட்டம், கயிறு திரிக்கிற நார்க் கற்றாழை. தோட்டம் முடிகிற இடத்தில் எண்ணெய் இல்லை.

எண்ணெய் இல்லை என்பதுதான் அந்த நிறுத்தத்தின் பேர்.

பேரை யாரும் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதில்லை. கதவில் தொங்கிக்கொண்டு வருகிற கண்டக்டர் வாயில் எது வருகிறதோ அதுதான் பேர். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டால் அப்புறம் அதை அசைக்க முடியாது. ஒருத்தர் வீட்டின் பேரில் நிறுத்தம் அமைந்துவிட்டால், இந்தக் கரையில் மக்காவுக்குப் போய் வந்தவருக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான்.

அந்த நிறுத்தத்துக்கு முன்பு ஷெகுவே வீடு என்று பேர்.

ஷெகுவே மலைப்பக்கத்து ஆள். கற்றாழைக் கம்பெனியில் எடை போடுகிற வேலை பார்த்து, வயதான பிறகு ரோட்டோரம் நிலம் வாங்கித் தகரக் கூரை போட்டார். ஒரு பழைய பிக்கப் வண்டியும் வாங்கித் தேங்காய் ஏற்றினார். பஸ் திரும்ப இடமில்லாமல் தவித்த காலத்தில் தன் நிலத்தில் ஒரு மூலையை விட்டுக் கொடுத்தார். "ஷெகுவே! ஷெகுவே! இறங்கறவங்க உண்டா?" என்று கண்டக்டர் கூவும்போது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். காது இரண்டும் வெளியே இருக்கும்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், தென்னைகளுக்கு நடுவே சுவேனாவின் வீடு. மண் சுவர், ஓலைக் கூரை. புருஷன் எப்போதோ வேறொருத்தியோடு பெம்பா தீவுக்குப் போய்விட்டான். ஒரே மகள் ஹிதாயா. கூடவே தம்பி மக்காமே. அவன்தான் எங்கள் பஸ்ஸின் கண்டக்டர். சுவேனா மரவள்ளிக்கிழங்கை அவித்து, வெட்டி, பொரித்து, மிளகாயும் எலுமிச்சையும் பிசிறி, மீன் சந்தைக்குக் கொண்டு போவாள். கடலுக்குப் போய் வந்த பசியோடு நிற்கிறவர்களுக்கு அது ஆகாரம். பத்து மணிக்குள் கூடை காலியாகிவிடும். சில நாள் பஸ்ஸில் திரும்புவாள், சில நாள் கடலோரமாக நடந்தே வருவாள், வழியில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு.

நான் அடுத்த நிறுத்தம், கடல் தாண்டி வந்த தமிழன். சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ, மின்விசிறி ரிப்பேர் செய்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஐந்தரை பஸ், சாயங்காலம் நாலு மணி பஸ். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். என்னை இங்கே மேஸ்திரி என்பார்கள்.

நடந்தது இதுதான். ஹிதாயாவுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெருமழைக் காலம். மத்தியானம் வலி எடுத்தது. இந்தப் பக்கத்தில் வலி எடுத்த விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது. குழந்தையின் அழுகைதான் முதலில் வெளியே போக வேண்டும். முன்னாலேயே தெரிந்தால் கண் படும், செய்வினை வைப்பார்கள் என்று பயம். சுவேனா ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்தாள். மருத்துவச்சிக் கிழவி சாயங்காலம் வரை பார்த்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னால ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடு" என்றாள். கடைசி பஸ் போயாயிற்று. கண்ணுக்கு எட்டிய வண்டி ஷெகுவேயின் பிக்கப் மட்டும்தான். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிவது என்று ஷெகுவேக்கும் சுவேனாவுக்கும் மூன்று மாசமாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த மக்காமேயை அனுப்பினாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"எண்ணெய் இல்லையாம்க்கா" என்றான்.

உடனே ரோட்டுக்கு ஓடினான். ஒரு மணி நேரம் கழித்துக் கற்றாழை லாரி ஒன்றை மறித்துக் கூட்டி வந்தான். லாரி ரெட்டைக் கிணற்றைத் தாண்டவில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, ஷெகுவேயின் பிக்கப் தேங்காய் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனது.

அடக்கத்துக்கு அவர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவேனா முன்னால் நின்று, "என்னை ஏன் கூப்பிடலை?" என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். சுவேனா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முகத்தில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

நாற்பது நாள் கழித்து மக்காமே வேலைக்குத் திரும்பினான். சாயங்கால பஸ். உடைந்த பாலம் தாண்டியதும், எப்போதும் போல 'ஷெகுவே வீடு' என்று வரும் என்று இருந்தோம். அவன் பாதி உடம்பை வெளியே நீட்டி, கூரையைத் தட்டி, "எண்ணெய் இல்லை! எண்ணெய் இல்லை! இறங்கறவங்க உண்டா?" என்று கூவினான்.

பின் சீட்டிலிருந்து, பேய்க்கணவாய் என்கிற எட்டுக்கால் மீன் விற்கிற பிலி முதலில் குரல் கொடுத்தாள்.

"எண்ணெய் இல்லையில நான் இறங்கறேன் மகனே."

அவள் வீடு அங்கே இல்லை. இறங்கி, ஷெகுவேயின் வாசலைப் பார்த்து ஒரு தடவை துப்பிவிட்டு, இரண்டு மைல் நடந்து வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவுதான். பேர் பிடித்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் பாடு திண்டாட்டம். ஒருமுறை முஹேஸாவிலிருந்து ஆரஞ்சு மூட்டையோடு வந்த ஒருத்தர், கூவலைக் கேட்டதும் எழுந்து மூட்டையைத் தூக்கிவிட்டார்.

"எண்ணெய் இல்லைன்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே! பாதி வழியில நிறுத்தினா நான் எங்க போவேன்?"

"உக்காருங்க பெரியப்பா. பஸ்ஸுக்கு எண்ணெய் இருக்கு" என்றான் மக்காமே.

"பின்னே யாருக்கு இல்லை?"

"அதோ, அந்தத் தகர வீட்டுக்காரருக்கு. பாவம், ஏழை."

பஸ் குலுங்கச் சிரித்தது. தகர வீட்டின் வாசலில் பேப்பர் அசையவில்லை.

ஷெகுவே சும்மா இருக்கவில்லை. நிறுத்தத்தில் சிமெண்டு பெஞ்சு கட்டி, அதில் பச்சைப் பெயிண்டில் தன் பேரை எழுதினார். பெண்கள் அந்த எழுத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "எண்ணெய் இல்லையில பெஞ்சு நல்லா இருக்குடி, முதுகுக்கு இதம்" என்று பேசினார்கள். தேங்காய்க்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். "எண்ணெய் இல்லாத வண்டி சந்தை வரைக்கும் போகுமா?" என்று கேலி. இரண்டாம் வருஷம் பிக்கப்பை விற்றார். மனைவி, "தண்ணிக்குப் போனா அங்க ஒரு சிரிப்பு, மாவு மில்லுக்குப் போனா இங்க ஒரு சிரிப்பு, என்னால முடியாது" என்று மலைக்குப் போய் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டாள். மூன்றாம் வருஷம் தார் ரோடு போட்டார்கள். போர்டு நட வந்த ஆட்கள் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் பேர் கேட்டு எழுதினார்கள். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து: எண்ணெய் இல்லை. அதை நட்டது அவர் வேலியிலிருந்து நாலடி தூரத்தில்.

அதன் பிறகு அவர் அந்த நிறுத்தத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டவுனுக்குப் போவதென்றால் உடைந்த பாலம் வரை வெயிலில் நடந்து போய் அங்கே ஏறுவார். வரும்போதும் பாலத்தில் இறங்கி நடப்பார். தென்காற்று அடிக்கிற மாசங்களில் கடலோரமாகவே டவுன் வரை நடப்பார். தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும் சதுப்புக் காட்டு ஓரமாக அசைந்து போகும். வயதில் பெரியவரைக் கண்டால் 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்று சொல்வதுதான் இங்கே வணக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அவருக்கு அதைச் சொல்லாமல் தாண்டிப் போனார்கள்.

சுவேனாவுக்கு அது போதவில்லை.

ஒருநாள் சந்தையில் கூடை காலியான பிறகு என் கடைக்கு வந்தாள். இஞ்சிக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"நேத்திக்கும் பாலத்துலதான் இறங்கினாராமே?" என்றாள்.

"ஆமா. நல்ல வெயில்."

"கால் வெந்து போகட்டும்."

"சுவேனா, மனுஷன் பாதியாயிட்டார். போதாதா?"

"உங்க ஊர்ல பழி வாங்க மாட்டாங்களா மேஸ்திரி?"

"வாங்குவாங்க. அருவா எடுப்பாங்க."

"அது ஒரு நிமிஷ வேலை. அப்புறம் அவனுக்கு வலிக்காதே." டம்ளரை வைத்துவிட்டு முந்தானைத் துணியால் வாயைத் துடைத்தாள். "ஊரெல்லாம் சொல்லுது. பிலி சொல்றா, பள்ளிக்கூட டீச்சரம்மா சொல்றா, போர்டு சொல்லுது. அவர் வாய் சொல்லலை. என் பொண்ணு செத்தா சாகட்டும்னு கதவுக்குப் பின்னாடி நின்னு சொன்ன வாய் அது. அதே வாயால, பஸ்ல, எல்லாரும் இருக்கும்போது, நானும் இருக்கும்போது, அந்தப் பேரைச் சொல்லி இறங்கணும். என் காதுல விழணும்."

"சொல்லிட்டா?"

"சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

அதற்காகவே நாலு மணி பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். பத்து மணிக்கே வேலை முடிந்துவிடும். சந்தையில் படுத்து, எழுந்து, யாருக்காவது மீன் கழுவிக் கொடுத்து, நாலு மணி வரை காத்திருப்பாள். அவர் ஏறுகிற நாளும் உண்டு, ஏறாத நாளும் உண்டு. ஏறினால் முன் சீட்டில் உட்கார்ந்து, பாலம் வந்ததும் "பாலம்" என்று ஒரு சொல் சொல்லி இறங்கிவிடுவார். சுவேனா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பஸ் நகர்ந்து, தன் நிறுத்தம் வந்ததும், தகர வீடு காலியாக இருந்தாலும் அதைப் பார்த்துக் கத்துவாள்: "எண்ணெய் இல்லையில இறக்கிவிடு தம்பி!"

நாலாம் வருஷப் பெருமழையில் அந்த நாள் வந்தது.

காலையிலிருந்து விடாத மழை. நாலு மணிக்குப் பஸ் நிறைந்துவிட்டது. ஈரத்துணி, கருவாடு, டீச்சரம்மாவின் குடை, என் மடியில் யாரோ வைத்த கோழி. கடைசி நிமிஷத்தில் ஷெகுவே ஏறினார். கடலோரமாக நடந்ததில் ஏதோ முள்மீனை மிதித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கையில் கம்பு. டீச்சரம்மா எழுந்து இடம் கொடுத்தாள். அது சுவேனாவுக்கு நேர் எதிர் இடம். முழங்காலும் முழங்காலும் இடித்தன. அவள் காலை நகர்த்தவில்லை.

அழுத மாப்பிள்ளை தாண்டியதும் டிரைவர் சூஃபியானி பின்னால் திரும்பாமலே சொன்னார்: "பாலத்து மேல தண்ணி போகுது. அங்க நிறுத்த மாட்டேன். நிறுத்தினா இஞ்சின் குடிச்சுடும். பாலத்துல இறங்கறவங்க இப்பவே இறங்கிக்கோங்க."

யாரும் இறங்கவில்லை. ஷெகுவே கம்பை மாற்றிப் பிடித்தார்.

"பாலம் தாண்டி மேட்டுல நிறுத்து" என்றார்.

மக்காமே கதவிலிருந்து தலையை உள்ளே விட்டான். முகத்தில் மழை வழிந்தது. குரலில் வெல்லம் வழிந்தது.

"மேட்டுல ஸ்டாப் இல்லையே பெரியவரே."

"என் வீட்டுல நிறுத்து அப்போ."

"உங்க வீடு எங்க இருக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உனக்குத் தெரியாதா?"

"ரோடு பூரா வீடுதான். ஸ்டாப் பேர் சொன்னாத்தானே டிரைவருக்குத் தெரியும்? என்ன சூஃபியானி அண்ணே?"

"என்னை இழுக்காதே. எனக்குத் தண்ணியே பெரும்பாடா இருக்கு."

"சொல்லிடுங்க பெரியவரே" என்றாள் பிலி பின்னாலிருந்து. "சின்னப் பேருதான். அப்புறம் வாயைக் கொப்புளிச்சுக்கலாம்."

"விடுப்பா மக்காமே" என்றாள் டீச்சரம்மா. "காலைப் பாரு. நடக்கிற காலா அது?"

"டீச்சரம்மா, நீங்க பேசாதீங்க." சுவேனாவின் குரல். மடியில் கிழங்கு பிசிறுகிற காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "யாரும் பேசாதீங்க. அவர் சொல்லட்டும்."

நாலு வருஷத்தில் அவர் காதுபட அவள் சாதாரணக் குரலில் பேசியது அன்றைக்குத்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு என்ன வேணும் சுவேனா?"

"ஸ்டாப் பேர்."

பஸ் பாலத்துத் தண்ணீரில் இறங்கியது. இரண்டு பக்கமும் செம்மண் நீர் சக்கரத்தை அறுத்துக்கொண்டு போயிற்று. பஸ் மேடு ஏறியது. கற்றாழைத் தோட்டம் ஆரம்பித்தது.

"எண்ணெய் இல்லை" என்றார்.

சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி சொன்னார். "எண்ணெய் இல்லை! எண்ணெய் இல்லையில இறங்கணும். போதுமா? இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? ஒரு கரண்டி எண்ணெய், சுவேனா! ஒரு கரண்டி எண்ணெய்க்கு என் பேரை எடுத்தீங்க. வண்டியை வித்தேன். வீட்டுக்காரி போயிட்டா. விளக்கு வச்ச நேரத்துல வந்து எண்ணெய் கேட்டா உங்க வீட்டுல கொடுப்பீங்களா? டீச்சரம்மா, நீங்க கொடுப்பீங்களா? பிலி, நீ கொடுப்பியா? உப்பு, ஊசி, எண்ணெய் யாராவது அந்த நேரத்துல வெளியே கொடுப்பாங்களா? வச்சுக்கிட்டே இல்லைன்னுதானே சொல்லுவோம்!"



"என்ன கரண்டி?" என்றாள் சுவேனா.

"கரண்டியோ கிண்ணமோ, சமையலுக்கோ விளக்குக்கோ, நான் என்னத்தைக் கண்டேன்? தொழுகைக்குக் கை கால் கழுவிட்டு நிக்கிறேன். உன் தம்பி கதவைத் தட்டறான். எண்ணெய் இருக்கா மாமாங்கிறான். இல்லைன்னேன். போயிட்டான். விடிஞ்சு டவுனுக்குப் போறப்போ பொம்பளைங்க தண்ணி சுமக்கிறதைப் பாத்தேன், பேச்சு இல்லாத வீடுன்னு கேக்கலை. திரும்பினா உன் வாசல்ல கூட்டம். பதறிப் போச்சு. பேச்சு இல்லைன்னாலும் கூப்பிட்டிருக்கலாமேன்னு வயிறு எரிஞ்சுதான் கேட்டேன், ஏன் கூப்பிடலைன்னு. மண்ணைப் போட்டே. வாங்கிக்கிட்டேன். பெத்தவ துக்கம்னு வாங்கிக்கிட்டேன். வண்டி என் வாசல்ல நின்னுச்சு சுவேனா. டேங்க் முட்ட எண்ணெய்!"

இந்த ஊரில் வண்டிக்கு ஊற்றுவதும் எண்ணெய்தான், வாணலியில் ஊற்றுவதும் எண்ணெய்தான், விளக்கில் ஊற்றுவதும் அதேதான். ஒரே சொல். இருபத்திரண்டு வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

சுவேனா மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"டேய். நீ என்ன கேட்டே?"

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"என்ன கேட்டே?"

"எண்ணெய் இருக்கா மாமான்னு."

"வண்டின்னு சொன்னியா?"

மக்காமே உடம்பு முழுக்க வெளியே, மழையில் நின்றான். விரல்கள் மட்டும் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தன. "இல்லை" என்றான்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னியா? ஹிதாயான்னு சொன்னியா?"

"நீதானேக்கா சொன்னே. ஒரு வார்த்தை வாசலைத் தாண்டக் கூடாது, அவ பேரை வெளியே எடுத்தா நாக்கை அறுத்துடுவேன்னு. அவர் நம்மளோட பேசாத ஆளு. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? சுத்தி வளைச்சுக் கேட்டேன். வண்டி வச்சிருக்கிறவர், அவருக்குப் புரியும்னு நினைச்சேன்."

"அவருக்குப் புரியலைன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

அவன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினான்.

"மக்காமே. எப்பத் தெரிஞ்சது?"

"ரோட்டுல ஓடும்போதே தோணிச்சு" என்றான். பஸ் போகிற சத்தத்தில் பாதி காற்றில் போயிற்று. "திரும்பிப் போய் இன்னொரு தடவை கேக்கலாம்னு நின்னேன். தூரத்துல லைட் தெரிஞ்சது. லாரின்னு ஓடினேன். அது லாரி இல்லை. வேற யாரோ சைக்கிள்ல. அப்புறம் நேரம் போயிடுச்சு. அப்புறம் நீ மண்ணைத் தூக்கிப் போட்டுட்டே. அதுக்கப்புறம் எப்படிக்கா சொல்றது?"

சுவேனா எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த அலுமினியக் கிண்ணத்தால் அவன் விரல்களின் மேல் ஓங்கி அடித்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. டீச்சரம்மா, "ஐயோ, விழுந்துடுவான்" என்று கத்தினாள். விரல்கள் சட்டத்தை விடவில்லை. ரத்தம் மழையோடு வழிந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை சுவேனா அப்படியே நிறுத்தினாள். கிண்ணத்தைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

பேரை யாரும் கூவவில்லை. சூஃபியானி தானாகவே நிறுத்தினார்.

ஷெகுவே முதலில் இறங்க வேண்டியிருந்தது. வழியில் அவர்தான் இருந்தார். வீங்கிய காலைத் தரையில் வைக்க முடியாமல் கதவுப் படியில் தடுமாறினார். மக்காமே கையைக் கொடுத்தான். அவர் அதைப் பிடிக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினார். அடுத்து சுவேனா. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்கு வராதே" என்றாள்.

"எங்கக்கா போவேன்?"

"நாக்கு இருக்கு இல்லே? கேட்டுப் போ."

நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். நீல போர்டுக்குக் கீழே இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஷெகுவே தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

"சுவேனா" என்றார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"பேசாதீங்க."

"நான் என்ன சொல்றேன்னா..."

"உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு" என்றாள். "அது இருக்கட்டும். அதை எடுத்துட்டா நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

ரோட்டைக் கடந்து தென்னைகளுக்குள் போனாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தன் வேலிப் படலைத் திறந்தார். மக்காமே அடிபடாத கையால் கூரையைத் தட்டினான். பஸ் கிளம்பியது. என் நிறுத்தத்தில் நான் எழுந்தபோது பிலி, "அன்னிக்கு நான் துப்பினேனே மேஸ்திரி" என்றாள். கோழியை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை ஐந்தரை பஸ்ஸில் மக்காமே இல்லை. முஹேஸாவிலிருந்து வந்த ஒரு புது ஆள் கதவில் நின்றான். நிறுத்தங்களை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தான். கற்றாழைத் தோட்டத்துக்கு முன்னால், "எண்ணெய் இல்லை! எண்ணெய் இல்லை! ஏறுங்க!" என்று கூவினான். சுவேனா கூடையோடு ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஷெகுவே கம்பை ஊன்றி ஏறினார். அவள் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.